வேலையிழப்பும் பிற்கால ஊதியமும்

தொழிலாளி ஒருவன் தன் வேலையை இழப்பானாயின், அவன் இழப்பது எவ்வளவு? இவ்வினாவுக்குப் பலரும் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. எட்டு மாதம் வேலையின்றி இருந்தான் எனின் எட்டு மாத ஊதியத்தை இழந்தான்; ஒன்பதாம் மாதத்தில் வேறொரு வேலை கிடைத்ததும் அவன் கணக்கு நேராயிற்று என்பதே அவ்விடை. அரசாங்கங்கள் வேலையற்றோர் தொகையைக் கணித்து வெளியிடும் முறையும் இவ்வெண்ணத்துக்கே அரண் செய்கின்றது. வேலை கிடைத்தவன் அத்தொகையினின்றும் கழிக்கப்படுகின்றான். கழிக்கப்பட்டபின் அவன் என்ன ஊதியம் பெறுகின்றான், முன்னர்ப் பெற்றதனோடு அஃது ஒக்குமா என்பவற்றை அத்தொகை கூறுவதில்லை.

இவ்வெளிய கணக்கு பிழையானது என்பதைப் பொருளியல் ஆராய்ச்சியாளர் தெளிவாக நிறுவியுள்ளனர். ஓரிடத்தில் நெடுங்காலம் உழைத்தவன் ஆலை மூடப்பட்டதனால் வெளியேற நேருமாயின், வேலையற்றிருந்த மாதங்களில் அவன் இழந்த ஊதியம் மொத்த இழப்பின் ஒரு கூறேயாகும். பெருங்கூறோ அவன் மறுபடியும் வேலைக்குச் சென்ற நாளிலிருந்து தொடங்கி, ஆண்டுகள் பல கடந்தும் அவனைத் தொடர்கின்றது. இதனைக் காண்பதற்குத் தக்க இடம், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலமும் அதன் உருக்காலைகளுமாம்.

பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியிலே மொனொங்காகேலா என்னும் ஆறு பாய்கின்றது. பிற்ஸ்பேர்க் நகருக்கு அணித்தாக, அவ்வாற்றங்கரையில் அமைந்தது ஹோம்ஸ்ரெட் உருக்காலை. 1883இல் அன்ட்ரூ கார்னகி அதனை விலைக்கு வாங்கினார். 1892இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தமும் உயிர்ச்சேதமும் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் அழியா இடம்பெற்றவை. 1901இல் அவ்வாலை ஐக்கிய அமெரிக்க உருக்கு நிறுவனத்தின் உடைமையாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஏறக்குறைய 15,000 பேர் அங்கு வேலை செய்தனர். தந்தைக்குப் பின் மைந்தன் அதே ஆலைக்குட் புகுவது அவ்வூர்களில் வழக்கமாயிருந்தது. வேளாண்குடியில் நிலம் வழிவழி வருமாப்போல ஆலைவேலை வந்தது எனலாம்.

அந்நிலை 1970களின் பிற்பகுதியிலே தளர்வுற்றது. அயல் மாநிலமாகிய ஒகையோவில் யங்ஸ்ரவுன் என்னும் நகரத்துக் கம்பெல் ஆலை மூடப்படும் என 1977 செப்டெம்பர் 19ஆந் திகதி அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,000 பேர் வேலையிழந்தனர். அது திங்கட்கிழமையாதலின், 'கருந்திங்கள்' என்றே அந்நகரத்தார் அந்நாளை வழங்குகின்றனர். யப்பானிலும் ஐரோப்பாவிலும் புதிய உலைகளில் உருக்கிய உருக்கு மலிவாக வந்திறங்கியது. அமெரிக்க ஆலைகள் பலவற்றில் உலைகள் பழையனவாயிருந்தன. 1980களின் தொடக்கத்தில் டொலரின் மதிப்பு உயர்ந்தமையால் இறக்குமதி மேலும் மலிந்தது. 1981, 1982ஆம் ஆண்டுகளின் மந்தம் இவை யாவற்றுக்கும் மேலாக வந்தது. 1982இன் இறுதியில் அந்நாடு முழுவதிலும் வேலையற்றோர் தொகை நூற்றுக்கு 10.8 வீதமாயிற்று. ஹோம்ஸ்ரெட் ஆலை 1986இல் மூடப்பட்டது.

இத்துயரம் நிகழ்ந்த மாநிலத்திலே ஆராய்ச்சிக்கு வாய்ப்பான ஒரு கருவி இருந்தது. வேலையின்மைக் காப்புறுதிக்காக ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் வேலைசெய்வோர் ஒவ்வொருவருக்கும் அளித்த ஊதியத்தைக் காலாண்டுதோறும் மாநில அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும். அப்பதிவேடுகளைத் தொடுத்து நோக்கினால், ஒரு தொழிலாளி எங்கு வேலைசெய்தான், எப்பொழுது நீங்கினான், பின் எங்குச் சேர்ந்தான், என்ன பெற்றான் என்பன யாவும் புலப்படும். லூயிஸ் ஜேக்கப்சன், ரொபேட் லாலொண்ட், டானியல் சலிவன் ஆகிய மூவர் 1974 முதல் 1986 வரையுள்ள இப்பதிவேடுகளை ஆராய்ந்து, 1993இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். வேலையிழப்பைப் பற்றிப் பின்வந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை இவர்கள் வகுத்த முறையையே பின்பற்றுகின்றன. ஆகையால் அம்முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

முதலாவது, எவரை ஆராய்வது என்பது. வேலையிலிருந்து நீங்கியோர் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தல் பிழையாகும். சிலர் தாமாகவே விலகுவர். சிலர் திறமைக்குறைவினால் விலக்கப்படுவர். திறமைக்குறைவினால் விலக்கப்பட்டவன் பின்னரும் குறைந்த ஊதியமே பெறுவானாயின், அதற்குக் காரணம் வேலையிழப்பன்று, அவனே என்று சொல்ல இடமுண்டு. இத்தடையை நீக்கும் பொருட்டு, ஒரே நிறுவனத்தில் ஆறாண்டுக்குக் குறையாது வேலைசெய்தவர்களை அம்மூவரும் தெரிந்தனர். அவர்களுள்ளும், தம் ஆட்டொகையில் நூற்றுக்கு 30 வீதமோ அதற்கு மேலோ இழந்த நிறுவனங்களிலிருந்து நீங்கியோரைத் தனியே பிரித்தனர். ஆலை மூடப்படும்பொழுது வல்லவனும் செல்வான், மாட்டாதவனும் செல்வான். அங்கே நீங்கியவன்மீது குற்றஞ் சுமத்த வழியில்லை.

இரண்டாவது, இழப்பை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பது. பழைய ஊதியத்தையும் புதிய ஊதியத்தையும் ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும், அது போதாது. ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 100 ரூபா பெற்ற இருவர் உளர் எனக் கொள்வோம். ஒருவன் வேலையிழந்து, ஆறாண்டின் பின் 90 ரூபா பெறுகின்றான். பழைய ஊதியத்தோடு ஒப்பிட்டால் இழப்பு 10 ரூபா. ஆயின் வேலையில் நிலைத்திருந்த மற்றவனுடைய ஊதியம் இதற்குள் 115 ரூபாவாக உயர்ந்துவிட்டது. வேலையிழவாதிருந்தால் முன்னவனும் அதனையே பெற்றிருப்பான் ஆதலின், அவனுடைய உண்மை இழப்பு 25 ரூபா. நிகழ்ந்ததை நிகழ்ந்திருக்கக்கூடியதனோடு ஒப்பிடுவதே இம்முறையின் உயிர். நிகழாத ஒன்றை எவ்வாறு அறிவது என்பார்க்கு, அவனையொத்த பிறர் வாழ்க்கையிலிருந்து அறிக என்பதே விடை. இதனை மறந்தே 'முன்னைய ஊதியத்தை மீண்டும் எட்டிவிட்டான்' என்று பலர் மனநிறைவு கொள்கின்றனர்.

இவ்வாறு அளந்தபொழுது வெளிப்பட்டவை வியப்பைத் தருவன. வேலையிழந்து ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், நிலைத்திருந்தோர் பெற்றதினும் நூற்றுக்கு ஏறக்குறைய 25 வீதம் குறைவாகவே அவர்கள் பெற்றனர். முதலிற் பெருஞ்சரிவு ஏற்பட்டது; அதன்பின் சில ஆண்டுகள் ஊதியம் ஏறியது; பின்னர் அவ்வேற்றம் தளர்ந்து, இடைவெளி மூடப்படாமலே நின்றுவிட்டது. மேலும், சரிவு வேலைநீங்கிய நாளில் தொடங்கவில்லை. மூன்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. நோயுற்ற ஆலை தன் தொழிலாளரை ஒரே நாளில் வெளியேற்றுவதில்லை. மேலதிக வேலைநேரம் நின்றுபோம். சில வாரங்களுக்கு வீட்டில் இருக்குமாறு கட்டளை வரும். ஊதிய உயர்வு தள்ளிப்போம். கதவு மூடப்படுவது இத்தொடரின் இறுதிநிகழ்ச்சியே.

ஆணென்றோ பெண்ணென்றோ, இளையரென்றோ முதியரென்றோ இவ்விழப்புப் பெரிதும் வேறுபடவில்லை. அவ்வூரின் வேலைநிலைமையும் அவர் முன்செய்த தொழிலும் அதனைக் கூட்டியும் குறைத்தும் காட்டின. முன்னிருந்ததை ஒத்த நிறுவனத்திலேயே வேலை தேடிக்கொண்டோரும் கணிசமான இழப்பினின்றும் தப்பவில்லை. பிறிதொன்றும் கருதத்தக்கது. ஆண்டு முழுவதும் ஊதியமே பெறாதவர்களையும் மாநிலத்தைவிட்டு வெளியேறியவர்களையும் அம்மூவரும் தம் கணக்கிற் சேர்க்கவில்லை. ஆகவே மேற்கூறிய 25 வீதம் என்பது வேலையே கிடைக்காதவரின் கதையன்று. வேலை கிடைத்தவரின் கதை.

இனி, காரணம் யாது? புதிய வேலையிற் சேர்ந்தபின்னரும் பழைய நிலையை எய்த முடியாதது ஏன்?

ஒரு விடைக்கு அடித்தளமிட்டவர் கரி பெக்கர். 1964இல் வெளிவந்த மனித மூலதனம் என்னும் நூலிலே தொழிலறிவை அவர் இருவகைப்படுத்தினார். எங்குச் சென்றாலும் பயன்படுவது பொதுவறிவு. ஒரு நிறுவனத்துக்கே உரியது சிறப்பறிவு. எழுத்தும் கணக்கும் முன்னதன் பாற்படும். இருபது ஆண்டு உருளையாலையில் நின்றவன், அவ்வாலையின் இயந்திரம் எந்த ஒலி எழுப்பினால் எந்த உறுப்புப் பழுதுறப்போகின்றது என்று அறிவான். எந்த மேற்பார்வையாளரிடம் எதனை எவ்வாறு சொல்லவேண்டும் என்று அறிவான். இது பின்னதன் பாற்படும். அவனுடைய ஊதியத்தின் ஒரு பகுதி இவ்வறிவுக்கு விலையாக வந்தது. அவ்வறிவை வாங்குவோன் உலகில் ஒருவனே. அவன் கடையை மூடிவிட்டால் அச்சரக்குக்கு விலையில்லை. பழைய தொழிற்றுறையிலேயே மீண்டும் சேர்ந்தோரினும் துறைமாறியோர் மிகுதியாக இழந்தனர் என்பதை டெரெக் நீல் 1995இல் காட்டியுள்ளார். அறிவின் ஒரு பகுதி ஆலைக்கு உரியதாயினும் பிறிதொரு பகுதி துறை முழுவதற்கும் உரியது என்பதனை இதனால் உணரலாம்.

ஆயினும், அறிவின் இழப்பு ஒன்றே காரணம் என்பது முழு உண்மையாகாது. உருக்குத் தொழிலாளரின் ஊதியம் உயர்ந்திருந்தமைக்கு அவர்தம் தொழிற்சங்கத்தின் வலிமையும் ஒரு காரணம். ஒரே திறமையுடைய இருவர் இருவேறு நிறுவனங்களில் வெவ்வேறு ஊதியம் பெறுவது உலக வழக்கு. நல்ல ஊதியம் வழங்கும் நிறுவனம் மூடப்பட்டபின், அங்கிருந்தவன் செல்லக்கூடிய இடங்கள் பெரும்பாலும் குறைந்த ஊதியம் வழங்குவனவாகவே இருக்கும். அவ்வாறாயின் அவன் இழந்தது தன்னுள்ளிருந்த அறிவையன்று. தான் நின்ற இடத்தை.

இவ்விரு விளக்கங்களுள் எது பெரிது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமைப்படவில்லை. ஜேர்மனியின் பதிவேடுகளை ஆராய்ந்து 2023இல் முடிபு வெளியிட்ட யோகனஸ் ஷ்மீடர், ரில் பொன் வாக்ரர், யோர்க் ஹைனிங் ஆகியோர், ஊதிய இழப்பின் பெரும்பகுதி நல்ல நிறுவனத்தை விட்டு நலங்குன்றிய நிறுவனத்திற் சேர்வதனால் விளைவது என்கின்றனர். அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்திலே முதலாளிமார் ஊதியத்தோடு வேலைசெய்த மணிநேரத்தையும் அறிவிப்பர். அப்பதிவேடுகளைக்கொண்டு 2020இல் லகோவ்ஸ்கா, மாஸ், வூட்பெரி ஆகியோர் வெளியிட்ட முடிபு இதற்கு மாறானது. நிறுவனத்தின் தன்மையாற் குறைந்த ஊதியம் நூற்றுக்கு 17 வீதமே; அரைவாசிக்கு மேலானது தொழிலாளிக்கும் நிறுவனத்துக்குமிடையே இருந்த பொருத்தம் அழிந்தமையால் ஏற்பட்டது என்பது அவர்கள் கூற்று. பொருத்தம் என்பது இங்கே ஆழமான சொல். ஒருவன் திறமையுடையவனாயிருக்கலாம், நிறுவனம் நல்லதாயிருக்கலாம், இவ்விரண்டும் சேருமிடத்து விளையும் பயன் வேறிடத்து விளையாமற் போகலாம். தனக்குப் பொருந்திய இடத்தைப் பலவிடங்களிற் புகுந்து பார்த்தே ஒருவன் கண்டடைகின்றான். கண்டடைந்ததை இழந்தால் தேடலை முதலிலிருந்து தொடங்கவேண்டும்; அப்பொழுது அவனுக்கு வயது இருபதன்று, நாற்பத்தைந்து. இரு நாடுகளின் தொழிலமைப்பு வேறுபாட்டையும் நோக்குமிடத்து, இரு முடிபுகளும் தத்தம் நாட்டளவில் உண்மையாதல் கூடும்.

மூன்றாவதொரு காரணம் வெளிப்படையாயினும் பலர் கருதாதது. ஆட்குறைப்பு நேருமிடத்துக் கடைசியாக வந்தவனை முதலில் நீக்குவது சேவைமூப்பு முறைமை. இருபதாண்டு மூப்புடையவன் ஓராலையிலிருந்து வெளியேறி மற்றோராலையிற் சேர்ந்தால், அங்கே அவனே கடைசியாக வந்தவன். அடுத்த ஆட்குறைப்பில் முதலில் நீங்குபவனும் அவனே. ஒருமுறை வேலையிழந்தோர் பின்னரும் பலமுறை இழப்பதனாலேயே ஊதியக்குறைவு நீங்காது நிலைக்கின்றது என்பதனை 1997இல் ஆன் ஸ்ரீவன்ஸ் எடுத்துக்காட்டினார். மீண்டும் இழவாதவர்களின் ஊதியம் மற்றவர்களதைக் காட்டிலும் நன்றாக மீண்டது. எனவே ஒருவன் இழப்பது வேலையை மாத்திரமன்று, வேலையின் நிலைபேற்றையுமாம்.

வேலையிழக்கும் காலமும் இழப்பின் அளவை நிருணயிக்கின்றது. ஸ்ரீவன் டேவிசும் மேற்கூறிய பொன் வாக்ரரும் 1974 முதல் 2008 வரையுள்ள அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிபு குறிப்பிடத்தக்கது. மூன்றாண்டுக்குக் குறையாது ஓரிடத்திருந்து, பேரளவான ஆட்குறைப்பில் நீங்கிய ஆண்களின் இருபதாண்டு இழப்பை அவர்கள் ஒருங்கே தொகுத்து, இன்றைய மதிப்பிற்குக் குறைத்துக் கணித்தனர். நாட்டின் வேலையின்மை நூற்றுக்கு 6 வீதத்துக்குக் கீழிருந்த காலத்தில் வேலையிழந்தோரின் இழப்பு, அவர்தம் முன்னைய ஊதியத்தில் 1.4 ஆண்டுக்குச் சமனாயிருந்தது. 8 வீதத்துக்கு மேலிருந்த காலத்தில் இழந்தோருக்கு அது 2.8 ஆண்டாயிற்று. அதாவது, ஒரே திறமையும் ஒரே சேவைக்காலமும் உடைய இருவருள், கெட்டகாலத்தில் வேலையிழந்தவன் இருமடங்கு இழக்கின்றான். மந்தம் இரண்டாண்டில் நீங்கலாம். அதன் வடு இருபதாண்டு நிற்கின்றது. மந்தம் நீங்கியது என்று ஆட்சியாளர் அறிவிக்கும் நாளில், அம்மந்தத்தின் செலவிற் பெரும்பகுதி இன்னும் செலுத்தப்படாமலே கிடக்கின்றது.

இவையெல்லாம் அமெரிக்காவுக்கே உரியவையோ என்று ஐயுறலாம். டென்மார்க், சுவீடன், ஒஸ்திரியா, பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய ஏழு நாடுகளின் பதிவேடுகளை ஒரே முறையால் ஆராய்ந்தோர், இழப்பு ஏழிலும் உண்டு எனக் கண்டனர். ஆயின் அளவு ஒன்றன்று. டென்மார்க்கிலும் சுவீடனிலும் மிகக் குறைவு; இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகியவற்றில் அதனைப்போல் மும்மடங்கு. முன்னைய இரு நாடுகளும் வேலையற்றோரைப் பயிற்றுவதிலும் வேலையில் அமர்த்துவதிலும் பெரும்பொருள் செலவிடுவன. அச்செலவே காரணம் என்று துணிந்து கூறல் ஆகாது. எனினும், இழப்பின் அளவு ஊழால் எழுதப்பட்டதன்று, நாட்டின் அமைப்போடு மாறுவது என்பது தெளிவு.

ஊதியக்குறைவு ஊதியத்தளவில் நிற்பதுமன்று. பென்சில்வேனியாவின் அதே பதிவேடுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து, சலிவனும் பொன் வாக்ரரும் 2009இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். நெடுங்காலச் சேவையுடைய ஆண்களிடத்தே, வேலையிழந்ததை அடுத்த ஆண்டில் இறப்பு வீதம், எதிர்பார்க்கத்தக்கதினும் நூற்றுக்கு 50 முதல் 100 வரை கூடியிருந்தது. இருபதாண்டின் பின்னரும் 10 முதல் 15 வரையான மிகுதி எஞ்சியது. நாற்பதாம் வயதில் வேலையிழந்தவனுக்கு இது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆயுட்குறைவாகும். கனடாவில் நிகழ்ந்த மற்றோராராய்ச்சி, நிறுவனம் மூடப்பட்டமையால் வேலையிழந்த தந்தையரின் மைந்தர், வளர்ந்து உழைக்கத் தொடங்கியபின், ஏனையோரினும் நூற்றுக்கு 9 வீதம் குறைவாக ஊதியம் பெற்றனர் எனக் காட்டுகின்றது. மூடப்பட்ட ஆலைக்குள் ஒருநாளும் காலடி வைக்காதவனும் அதன் மூடலுக்கு விலை கொடுக்கின்றான். இதனை வறுமை என்று மாத்திரம் கூறல் பொருந்தாது. இவர்களுட் பலர் வறியவரல்லர். முன்னிருந்த நிலையினின்றும் இறங்கியோர். வறுமை வேறு, நிலையிறக்கம் வேறு. வள்ளுவரும் நல்குரவு, மானம் எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

ஒஸ்திரியாவில் மரியென்தால் என்னும் சிற்றூர் இதற்குப் பழைய சான்று. அங்கிருந்த நெசவாலை 1929, 1930ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டது. ஊரே வேலையிழந்தது. யகோடா, லாசர்ஸ்பெல்ட், சைசல் என்னும் மூவர் அங்குச் சென்று ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். நேரம் மிகுந்தால் மக்கள் மிகுதியாகப் படிப்பர் என எதிர்பார்த்தல் இயல்பு. நூலகத்தில் இரவற் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. எனினும் இரவல் கொண்ட நூல்களின் தொகை இரண்டாண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஊதியம் குறித்த ஆராய்ச்சியன்று அது; ஆயினும் வேலைதேடுபவனிடம் 'நேரம் இருக்கின்றதே, புதியதொன்றைக் கற்றுக்கொள்' என்று எளிதிற் கூறுவோர் அவ்வூரை நினைத்தல் நன்று.

புதியன கற்பித்தலால் விளையும் பயனும் அளக்கப்பட்டுள்ளது. ஜேக்கப்சனும் அவர் கூட்டாளிகளும் வாஷிங்ரன் மாநிலத்திலே வேலையிழந்தபின் கல்லூரிகளிற் பயின்றோரை ஆராய்ந்து, ஓராண்டுப் படிப்பு ஆண்களின் ஊதியத்தை நூற்றுக்கு ஏறக்குறைய 9 வீதமும் பெண்களின் ஊதியத்தை 13 வீதமும் உயர்த்தியது என 2005இற் கூறினர். கணிதமும் தொழினுட்பமும் பயின்றோர் இதனினும் மிகுதியாகப் பெற்றனர். இது சிறு பயனன்று; ஆனால் 25 வீதப் பள்ளத்தை 9 வீத மண்ணால் நிரப்பிவிட முடியாது. இறக்குமதியால் வேலையிழந்தோருக்கு உதவும் திட்டம் ஒன்று சனாதிபதி கென்னடி காலத்தில், 1962இல், அமெரிக்காவில் ஏற்பட்டது; புதியோரைச் சேர்ப்பது 2022இல் நின்றது. அதனுள் 2002இல் சேர்க்கப்பட்ட ஏற்பாடொன்று இவ்வாராய்ச்சிகளின் போக்கோடு மிக ஒத்தது. ஐம்பது வயதைக் கடந்தவன் குறைந்த ஊதியத்துக்குப் புதிய வேலையை ஏற்றால், பழைய ஊதியத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டிற் பாதியை, இரண்டாண்டு வரை, 10,000 டொலருக்கு மேற்படாமல் அரசாங்கம் கொடுத்தது. வேலையற்றிருப்பதற்கன்றி, வேலைக்குச் சென்றும் குறைவாகப் பெறுவதற்கு ஈடு செய்தமையே அதன் சிறப்பு. இரண்டாண்டு என்ற எல்லை மாத்திரம் குறுகியது.

வேலையிழப்புக்கு ஈடு எவ்வளவு என்னும் வினாவுக்கு இலங்கையிலும் சட்டம் ஒரு விடை வகுத்தது. தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைவருக்குக் குறையாதோர் வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதற்கு அவருடைய எழுத்து மூல இசைவோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என விதித்தது. 2005ஆம் ஆண்டின் வாய்பாட்டின்படி நட்டஈடு சேவைக்காலத்தைப் பொறுத்தது. முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டொன்றுக்கு இரண்டரை மாத ஊதியம். ஆறு முதல் பதினான்காம் ஆண்டு வரை இரண்டு மாதம். பத்தொன்பது வரை ஒன்றரை. இருபத்துநான்கு வரை ஒன்று. முப்பத்துநான்கு வரை அரைமாதம். மொத்தம் 48 மாதத்துக்கு மேற்படாது.

பென்சில்வேனியாவின் வீதத்தை இலங்கைக்கு அப்படியே பொருத்தல் தகாது. ஆயினும் கணக்கு எங்கே நிற்கின்றது என்று பார்ப்பதில் தவறில்லை. முப்பத்துநான்கு ஆண்டு உழைத்தவன் 48 மாத ஊதியம் பெறுவான். ஊதியத்திற் காற்பங்கு ஆண்டுதோறும் குறையுமாயின், அத்தொகை பதினாறு ஆண்டு இழப்புக்கு ஈடாகும். அவனுக்கு இளைப்பாறும் வயதுக்கு அத்துணை ஆண்டுகள் எஞ்சியிரா. ஆகவே மூத்தோனிடத்து அவ்வாய்பாடு கஞ்சத்தனமானதன்று. முப்பத்தைந்து வயதில் பத்தாண்டுச் சேவையோடு நீங்குபவன் பெறுவது 22.5 மாத ஊதியம். அது ஏழரை ஆண்டு இழப்புக்கே போதும். அவன் அறுபதாம் வயது வரை உழைக்கவேண்டியதோ இருபத்தைந்து ஆண்டு. இடைவெளி காலப்போக்கிற் சிறிது சுருங்கும் எனக் கொண்டாலும், பெரிதும் குறைபடுபவன் நடுவயதினனே. நட்டஈட்டின் உச்சவரம்பு 12,50,000 ரூபாவாக இருந்து, 2021இல் 25,00,000 ஆக உயர்த்தப்பட்டது. மாதம் 1,50,000 ரூபா பெற்ற அந்நடுவயதினனுக்கு வாய்பாட்டின்படி சேரவேண்டியது 33,75,000 ரூபா. அவ்வரம்பின்படி அவன் கையிற் கிடைப்பது ஏறக்குறையப் பதினேழு மாத ஊதியமே.